வார்டு எல்லைக் கோட்டை யார் போடுவது? கடலூரிலும் புதுச்சேரியிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறுவரையறை, அதாவது தொகுதி எல்லையைத் திருத்திப் போடுவது என்றதும் இப்போதெல்லாம் எல்லோரும் நாடாளுமன்றத் தொகுதியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். தமிழ்நாட்டுக்கு எத்தனை எம்.பி. குறையும், வடக்கே எத்தனை கூடும் என்று டீக்கடை வரை கணக்கு ஓடுகிறது. ஓடட்டும். ஆனால் தெருவிளக்கு எரியவில்லை என்றால் நாம் எம்.பி.யைத் தேடிப் போவதில்லை, வார்டு கவுன்சிலரைத்தான் தேடுகிறோம். அந்த வார்டுக்கு எல்லை போட்டது யார் என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் தெரியவில்லை. வெளிநாட்டு நகரங்கள் சில இந்த வேலையைச் சாதாரணக் குடிமக்கள் குழுவிடம் விட்டிருக்கின்றன. இதைப் பற்றிப் பேச்செடுத்தபோது கடலூர் மஞ்சக்குப்பத்திலும் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் கீழே இருக்கின்றன. பதில்களில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கும்.

குடிமக்கள் எல்லை ஆணையம் என்கிறீர்களே, அது என்ன?

வார்டு எல்லையை வரைவதற்கென்றே பத்து வருஷத்துக்கு ஒரு முறை, மக்கள்தொகைக் கணக்கு வந்த பிறகு கூட்டப்படும் குழு. அதில் கவுன்சிலர் இருக்க மாட்டார். கட்சிப் பொறுப்பில் இருப்பவர் இருக்க மாட்டார். அவர்களிடம் சம்பளம் வாங்குகிறவரும் இருக்க மாட்டார். டீச்சர், கடைக்காரர், ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன், கல்லூரி மாணவி என்று ஊரில் இருக்கிற ஆட்களே விண்ணப்பம் போட்டு, தகுதி பார்க்கப்பட்டு, பெரும்பாலும் குலுக்கலில் தேர்வாகி வந்து உட்காருவார்கள். ஊர் ஊராகக் கூட்டம் போட்டு ஜனங்கள் சொல்வதைக் கேட்பார்கள். எல்லோர் கண்முன்னும் வரைபடத்தைத் திருத்துவார்கள். கடைசியில் ஓட்டெடுத்து முடிவு செய்வார்கள்.

அந்த முடிவுதான் இறுதி. கவுன்சிலர்கள் உட்காரும் நகர மன்றம் அதில் கை வைக்க முடியாது. இந்த ஒரு விதி இல்லாவிட்டால் அது வெறும் ஆலோசனைக் குழு. ஆலோசனைக் குழு சொன்னதைக் கேட்டுவிட்டு, தனக்குப் பிடித்த மாதிரி வரைந்துகொள்ள எந்த மன்றத்துக்கும் கசக்காது.

கடலூரில் இப்போது எல்லை போடுவது யார்?

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சிகளுக்கென்று ஒரு மறுவரையறை ஆணையம் இருக்கிறது. மாநிலத் தேர்தல் ஆணையர்தான் தலைவர். மற்ற உறுப்பினர்கள் அரசு அதிகாரிகள். களத்தில் வேலை பார்ப்பது மாவட்ட நிர்வாகமும் உள்ளாட்சி அலுவலர்களும். 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து வரைவு தயாரானது, 2017 டிசம்பரில் வெளியானது, ஆட்சேபணை கேட்டார்கள், அப்புறம் இறுதி செய்தார்கள்.

ஆக, கவுன்சிலர்கள் ஒன்றாக உட்கார்ந்து தங்கள் வார்டைத் தாங்களே வரைந்துகொள்வது நம் ஊரில் இல்லை. அமெரிக்காவில் பல ஊர்களில் இன்னும் அதுதான் நடக்கிறது. அந்த விதத்தில் நாம் ஒரு படி மேலே. நம்முடைய குறை வேறு இடத்தில் இருக்கிறது. வரைகிற அதிகாரி அரசாங்க ஊழியர். அவருடைய இடமாற்ற உத்தரவு ஆட்சியில் இருப்பவர் கையில். அவர் நேர்மையாகவே வரைந்திருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் யாராவது போன் போட்டுச் சொன்னார்களா, சொன்னதை இவர் கேட்டாரா என்று தெரிந்துகொள்ள நமக்கு எந்த வழியும் கிடையாது. ஒரு தெரு ஏன் இந்தப் பக்கம் வந்தது என்று ஒரு வரிகூட எழுதிவைக்கப்படுவதில்லை.

கடலூர் 1866இல் நகராட்சி ஆன ஊர், 2021இல் மாநகராட்சி ஆனது. 45 வார்டுகளுக்கு 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடந்தது. அதற்கு முன்பு 2016 அக்டோபரிலிருந்து ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே இல்லை, தனி அலுவலர்தான். அந்தத் தாமதத்துக்கு அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் மறுவரையறை வேலையும் ஒன்று.

கோடு எங்கே போனால் என்ன, ஓட்டு ஓட்டுதானே?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

கடற்கரையில் ஒரு குப்பம். 2,400 ஓட்டு. வார்டுக்கு 3,000 ஓட்டு என்று வைத்துக்கொள்வோம். குப்பம் முழுக்க ஒரே வார்டில் இருந்தால், அங்கே யார் ஜெயிக்க வேண்டும் என்று குப்பம்தான் சொல்லும். நிற்கிற எல்லாக் கட்சியும் வலை பின்னுகிற இடத்துக்கு வந்து, ஐஸ் பிளான்ட் பற்றியும் முகத்துவாரம் தூர்வது பற்றியும் பேசியாக வேண்டும். இப்போது அதே குப்பத்தை மூன்றாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மேற்கே இருக்கும் நகர்களோடு ஒட்டவையுங்கள். ஒவ்வொரு வார்டிலும் குப்பத்து ஓட்டு 800, மற்றவர்கள் 2,200. மூன்று கவுன்சிலர் கிடைப்பார்கள். மூன்று பேருக்குமே குப்பம் வேண்டாத பக்கம்தான். ஒரு ஓட்டும் திருடப்படவில்லை, பட்டியலில் ஒரு பெயரும் நீக்கப்படவில்லை. கோடு மட்டும்தான் நகர்ந்தது.

இது உடைக்கிற வேலை. திணிக்கிற வேலையும் உண்டு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குப்பம், ஒவ்வொன்றிலும் 1,800 ஓட்டு. தனித்தனி வார்டில் இருந்தால் இரண்டிலும் அவர்கள் கை ஓங்கும். அவர்களில் 3,000 பேரை ஒரே வார்டில் அடைத்து, மிச்சம் 600 பேரை அடுத்த வார்டில் தள்ளினால் இரண்டு கவுன்சிலர் ஒன்றாகிவிடும்.

1812இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எல்பிரிட்ஜ் கெர்ரி என்ற ஆளுநர் காலத்தில் வரைந்த ஒரு தொகுதி பல்லி மாதிரி வளைந்து நெளிந்து இருந்ததால், இந்த வித்தைக்கு அவர் பெயரே ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது: ஜெர்ரிமேண்டரிங். நம் ஊரில் பல்லி வடிவம் கண்ணில் படாது. எல்லை ஓடையை ஒட்டியும் தெரு முனையை ஒட்டியும் யோக்கியமாகத்தான் போகும். நம் ஊர் நுணுக்கம் இடஒதுக்கீட்டில் இருக்கிறது. பட்டியல் இனத்தவருக்கான வார்டுகளை, அந்த மக்களின் சதவீதம் அதிகமாக உள்ள வார்டிலிருந்து வரிசையாக எடுக்கிறார்கள். ஒரு காலனியை இந்த வார்டிலிருந்து அடுத்த வார்டுக்குத் தள்ளினால் வரிசை மாறும், எந்த வார்டு தனி, எந்த வார்டு பொது என்பது மாறும். தன் ஓட்டு சிதறுமே என்பதைவிட, தன் வார்டு ஒதுக்கீட்டில் போய்விடுமே என்பதுதான் நம் ஊர் அரசியல்வாதியின் பெரிய பயம். அதனால் எல்லைக் கோட்டின் மீது அவருக்கு இருக்கும் அக்கறை வெளிநாட்டுக்காரருக்கு இருப்பதைவிடக் கூடுதல்தான்.

எல்லா வார்டிலும் ஜனத்தொகை சமமாக இருந்தால் போதாதா?

அது முதல் நிபந்தனை, ஆனால் அதோடு முடிந்துவிடாது. மேலே சொன்ன மூன்று துண்டு குப்பத்திலும் வார்டுகள் சமமாகத்தான் இருந்தன.

சமம் என்றால் எவ்வளவு சமம் என்பதையும் பார்த்துவிடலாம். 2011 கணக்கில் கடலூர் நகராட்சியில் சுமார் 1,73,600 பேர். 45ஆல் வகுத்தால் வார்டுக்கு 3,850 சொச்சம். அமெரிக்க நீதிமன்றங்கள் உள்ளாட்சிக்கு வைத்திருக்கும் அளவுகோல்படி, மிகப் பெரிய வார்டுக்கும் மிகச் சிறிய வார்டுக்கும் உள்ள வித்தியாசம் சராசரியில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் வலுவான காரணம் சொல்ல வேண்டும். கடலூர் கணக்கில் அது 385 பேர். நம் அரசமைப்புச் சட்டம் பஞ்சாயத்துகளைப் பற்றிப் பேசும்போது, நடைமுறையில் முடிகிற அளவுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்கிறது. முடிகிற அளவு எவ்வளவு என்று எண் போடவில்லை.

எண்கள் நிற்கவும் நிற்காது. புதுச்சேரி சட்டமன்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 30 தொகுதியில் புதுச்சேரிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாஹேவுக்கும் ஏனாமுக்கும் தலா ஒன்று. 2001 கணக்கில் ஏனாமில் 31 ஆயிரம் சொச்சம் பேர்தான். 2011இல் 55,626. அதே 2011இல் மாஹேவில் 41,816, புதுச்சேரி மாவட்டத்தில் ஒரு தொகுதிக்குச் சராசரி 41,300. பத்தே வருஷத்தில் ஏனாம்காரர் ஓட்டின் எடை இவ்வளவு இறங்கிவிட்டது. இதில் யாருடைய சதியும் இல்லை. ஜனம் நகர்ந்தது, கோடு நகரவில்லை. இத்தனைக்கும் 2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027 என்று ஆகியிருக்கிறது. கூத்தப்பாக்கம் பக்கமும் லாஸ்பேட்டை பக்கமும் எத்தனை மனை வீடானது என்று 2011 காகிதத்துக்குத் தெரியாது.

புதுச்சேரியில் நிலைமை என்ன?

கேட்கவே சங்கடம். 1968இல் நகராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006இல், அதுவும் நீதிமன்றம் போய்த்தான். நடுவில் 38 வருஷம். 2006இல் வந்தவர்கள் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. இதை எழுதுகிற வரை அடுத்த தேர்தல் நடக்கவில்லை. 2021இல் அறிவிப்பு வந்தது. இடஒதுக்கீட்டிலும் வார்டு வரையறையிலும் குளறுபடி என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது, தேர்தல் நின்றது. ஐந்து நகராட்சி, பத்து கொம்யூன் பஞ்சாயத்து (பல கிராமங்கள் சேர்ந்த உள்ளாட்சி), எல்லாமே அதிகாரிகள் கையில்.

கடற்கரைச் சாலையில் இருந்த பழைய மேரி கட்டடம் 2014 மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். வெள்ளைத் தூண்களோடு அழகாகத்தான் இருக்கிறது. மேரி என்றால் நகர்மன்றம். உள்ளே உட்கார வேண்டிய கவுன்சிலர்கள்தான் இல்லை.

எல்லைக் கோட்டில் தகராறு இருந்தால் தேர்தலே நின்றுபோகும் என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் வேண்டாம். யாரும் நம்பாத வரைபடம் நீதிமன்றத்துக்குத்தான் போகும். அது அங்கே கிடக்கிற வரை பதவியில் யாரும் இல்லை. இது சிலருக்கு வசதியாகவும் இருக்கிறது. கவுன்சிலர் இல்லாத ஊரில் எம்.எல்.ஏ.தான் கவுன்சிலர்.

ஒரு பழைய கதையும் உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே ஐரோப்பியருக்கு ஒரு வாக்காளர் பட்டியல், இந்தியருக்கு வேறு பட்டியல் என்று பிரித்து, கைப்பிடி அளவு ஐரோப்பியருக்கு அவர்கள் எண்ணிக்கைக்குச் சம்பந்தமே இல்லாத அளவு இடம் கொடுத்திருந்தார்கள். நிலத்தில் கோடு போடாமல் ஆட்களுக்கு நடுவே கோடு போட்டார்கள், அவ்வளவுதான்.

ஆணையத்துக்கு ஆள் எடுப்பது எப்படி? அங்கேயும் சிபாரிசு நுழையாதா?

நுழையப் பார்க்கும். அதனால்தான் தேர்வு முறையில் அத்தனை பூட்டு போட்டிருக்கிறார்கள். அதிகம் பேசப்படுவது கலிபோர்னியா மாநில ஆணையம். 2008இல் மக்கள் வாக்கெடுப்பில் வந்தது. மொத்தம் 14 பேர்: இரண்டு பெரிய கட்சியிலும் பதிவு செய்தவர்கள் தலா ஐந்து, எந்தப் பக்கமும் சேராதவர்கள் நாலு. யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். 2020 சுற்றுக்கு 20 ஆயிரத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தது. கடந்த பத்து வருஷத்தில் நீங்களோ உங்கள் நெருங்கிய குடும்பத்தாரோ தேர்தலில் நின்றிருந்தால், கட்சிப் பதவியில் இருந்திருந்தால், அரசியல்வாதியிடம் சம்பளம் வாங்கியிருந்தால் தகுதி போய்விடும். மாநிலத் தணிக்கையாளரின் குழு வடிகட்டி 60 பேரை நிறுத்தும். சட்டமன்றத் தலைவர்கள் அதில் 24 பேர் வரை வேண்டாம் என்று அடிக்கலாம். ஆனால் யாரையும் சேர்க்க முடியாது. மிச்சம் இருப்பவர்களில் எட்டுப் பேர் பகிரங்கக் குலுக்கலில் வருவார்கள். அந்த எட்டுப் பேர், விட்டுப்போன பகுதியும் சமூகமும் வருகிற மாதிரி மீதி ஆறு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள்.

வரைபடம் நிறைவேற ஒன்பது ஓட்டு வேண்டும். அதிலும் மூன்று பிரிவிலிருந்தும் தலா மூன்று பேராவது சம்மதிக்க வேண்டும். ஒரு கூட்டம் இன்னொன்றை ஓரங்கட்டி நிறைவேற்ற வழியில்லை. எனக்கு இந்த முறையில் பிடித்தது இந்த விதிதான். நடுநிலையான ஆளைத் தேடி அலைவதைவிட, எதிரெதிர் ஆட்களை ஒரே மேசையில் உட்கார வைத்துச் சேர்ந்துதான் கையெழுத்துப் போட முடியும் என்று ஆக்குவது சுலபம்.

உள்ளாட்சி அளவில் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) இதே அச்சில் 14 பேர் ஆணையம் வைத்திருக்கிறது. டெக்சாஸில் ஆஸ்டின் நகரம் 2012 வாக்கெடுப்பில் கொண்டுவந்தது. அங்கேயும் முதல் எட்டுப் பேர் குலுக்கல்தான்.

குலுக்கல் என்றால் நம்ம குடவோலை மாதிரியா?

இதைக் கேட்காத கூட்டமே இல்லை. ஒற்றுமை நிஜமாகவே இருக்கிறது. காஞ்சிபுரம் பக்கத்தில் உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்திருந்தார்கள். குடும்பு என்றால் இன்றைய வார்டு. தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வயது 35க்கு மேல் 70க்குள். கடந்த மூன்று வருஷத்தில் வாரியத்தில், அதாவது ஊர் வேலை பார்க்கும் குழுவில், இருந்தவர் வர முடியாது. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் வர முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய சொந்தக்காரர்களும் வர முடியாது. கலிபோர்னியாக்காரர் குடும்பத்தைச் சேர்த்து விலக்கியதை நம் ஆட்கள் ஆயிரம் வருஷம் முன்பே கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

ஆனால் மீசையை முறுக்குவதற்கு முன் மீதியையும் படிக்க வேண்டும். அது பிராமணர் ஊர்ச் சபை. சொந்தமாக வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும், வேதம் தெரிய வேண்டும். அந்த நிலத்தில் இறங்கி உழைத்தவர் பெயர் குடத்துக்குள் போகவே இல்லை. குலுக்கல் நியாயமாக இருக்கலாம். குடத்தில் யார் ஓலை விழுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அப்படியானால் நம் ஊரில் ஜாதி விளையாடாதா? பெரிய ஜாதிக்காரரே பதினாலு பேரும் வந்துவிட்டால்?

வெறும் குலுக்கல் விட்டால் நிச்சயம் அந்த அபாயம் உண்டு. முதலில் விண்ணப்பம் போடுகிறவர் யார் என்று பாருங்கள்: படித்தவர், நேரம் உள்ளவர், பென்ஷன் வருகிறவர், பெரும்பாலும் ஆண். தினக்கூலிக்குப் போகிறவர் மூன்று மாதம் மாலைக் கூட்டத்துக்கு எப்படி வருவார்? உட்காருகிற நாளுக்கு ஒழுங்கான படி கொடுக்க வேண்டும். பெண்களுக்குப் பாதி இடம், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாத இடம், மீனவர் பகுதி, நகரப் பகுதி, விரிவாக்கப் பகுதி ஒவ்வொன்றிலிருந்தும் ஆள் என்று குடத்தையே பிரித்து வைத்துக் குலுக்க வேண்டும். கவுன்சிலர் பதவியிலேயே தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பாதி இடம் 2016 திருத்தத்திலிருந்து இருக்கிறது. கோடு போடுகிற குழுவில் இருக்கக் கூடாதா?

ஜாதிச் சங்கங்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வரும். வரட்டும். மைக்கில் எல்லோர் முன்னாலும் கேட்டால் அது கோரிக்கை. அறைக்குள் கேட்டால்தான் வில்லங்கம்.

சாதாரண ஆளுக்கு வரைபடம் வரையத் தெரியுமா?

தெரிய வேண்டியதில்லை. கணினியில் வரைய ஆளும், சட்டம் சொல்ல வக்கீலும் ஆணையத்துக்கு இருப்பார்கள். உறுப்பினர் தீர்மானிக்க வேண்டியது வேறு மாதிரிக் கேள்விகளை. கெடிலத்துக்கு வடக்கே மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், தெற்கே திருப்பாதிரிப்புலியூர். ஆறு இயற்கையான எல்லை என்று காகிதம் சொல்லும். ஆனால் ஆற்றின் கரையோரம் இரண்டு பக்கமும் இருக்கிறவர்களுக்கு வெள்ளம் ஒன்று, பயம் ஒன்று. பெண்ணையிலும் கெடிலத்திலும் ஒரே நேரத்தில் தண்ணீர் வந்தால் எந்தத் தெரு முதலில் மூழ்கும், எந்தப் பள்ளிக்கூடத்தில் யார் போய்த் தங்குவார்கள் என்பது அங்கே குடியிருப்பவருக்குத் தெரியும். தேவனாம்பட்டினத்தில் எந்தத் தெருவும் எந்தத் தெருவும் ஒரே ஊர்ப் பஞ்சாயத்து என்று கணினிக்குத் தெரியாது.

ஒரு வார்டுக்குள் நிலம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. அதை எழுதியவரைப் புதுச்சேரிக்கு ஒரு முறை கூட்டிவர வேண்டும். புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் வந்தால் நடுவில் தமிழ்நாடு வரும், மறுபடி புதுச்சேரி வரும், பிறகு மறுபடி தமிழ்நாடு. மதுக்கடைப் பலகையைப் பார்த்துத்தான் எந்த அரசாங்கத்தில் இருக்கிறோம் என்று பல பேர் தெரிந்துகொள்கிறார்கள்.

இதெல்லாம் நிஜமாகவே பலன் கொடுத்திருக்கிறதா?

கொடுத்த இடமும் உண்டு, சறுக்கிய இடமும் உண்டு.

சுதந்திர ஆணையம் இல்லாத ஊரில் என்ன ஆகும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸ் நகரம் நல்ல சாட்சி. (மேலே சொன்ன கவுன்ட்டி வேறு, நகரம் வேறு.) அப்போது அங்கே குழு ஆலோசனை மட்டும்தான் சொன்னது, கடைசிக் கோடு 15 பேர் கொண்ட நகர மன்றத்தின் கையில் இருந்தது. 2022 அக்டோபரில் ஒரு ஒலிப்பதிவு கசிந்தது. மன்ற உறுப்பினர்கள் மூன்று பேரும் ஒரு தொழிற்சங்கத் தலைவரும் மூடிய அறையில், எந்தப் பகுதி யாருக்குப் போக வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இனத்தை வைத்துக் கேவலமான பேச்சு. மன்றத் தலைவர் பதவி விலக நேர்ந்தது. 2024 நவம்பரில் அந்த நகர மக்கள் சுதந்திர ஆணையத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். அந்த ஒலிப்பதிவு வராவிட்டால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

சறுக்கலுக்கு மிச்சிகன். 2018 வாக்கெடுப்பில் 13 பேர் குடிமக்கள் ஆணையம் வந்தது. நல்ல நோக்கத்தோடுதான் வரைந்தார்கள். ஆனால் டெட்ராய்ட் பக்கம் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளைப் புறநகரோடு நீளநீளமாகக் கலந்து வரைந்ததில், 13 தொகுதிகள் செல்லாது என்று 2023 டிசம்பரில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. திரும்ப வரைந்தார்கள். சுதந்திரமான ஆள் தப்பே செய்ய மாட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு வித்தியாசம், அங்கே கூட்டங்கள் பகிரங்கமாக நடந்ததால் எந்த இடத்தில் என்ன யோசித்துக் கோடு போட்டார்கள் என்பது பதிவில் இருந்தது.

இன்னொன்று கொஞ்சம் கசப்பானது. எல்லோரும் முன்மாதிரி என்று சொன்ன கலிபோர்னியாவே, டெக்சாஸ் தன் கட்சிக்குச் சாதகமாக வரைபடத்தை மாற்றியதற்குப் பதிலடியாக, 2025 நவம்பர் வாக்கெடுப்பில் நாடாளுமன்றத் தொகுதிகளுக்கு மட்டும் ஆணையத்தின் கோட்டை ஓரங்கட்டிவிட்டது. மாநில, உள்ளூர் வரைபடங்களில் கை வைக்கவில்லை. பக்கத்து மாநிலம் அழுகுணி ஆட்டம் ஆடும்போது நாம் மட்டும் ஒழுங்காக ஆடுவதா என்ற கேள்வி பெரிய தேர்தலில் வரும். வார்டுக்கு அந்தச் சாக்கு கிடையாது. கடலூர் நியாயமாக வரைந்தால் விழுப்புரத்துக்கு ஒரு லாபமும் இல்லை. இதனால்தான் இந்த வேலையை உள்ளாட்சியில் தொடங்குவது நல்லது என்று நினைக்கிறேன்.

நம் சட்டம் இதற்கு இடம் கொடுக்குமா?

கொடுக்கும். உள்ளாட்சி மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். அரசமைப்புச் சட்டம் 243-கே, 243-இசட்.ஏ. பிரிவுகள் உள்ளாட்சித் தேர்தலை மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் ஒப்படைக்கின்றன; மீதி ஏற்பாடுகளைச் சட்டமன்றம் செய்யலாம் என்கின்றன. தமிழ்நாட்டில் 2017 சட்டத்தைத் திருத்தி, அதிகாரிகள் இருக்கும் இடத்தில் குலுக்கலில் வந்த குடிமக்களை வைத்தால் போதும். மாநிலத் தேர்தல் ஆணையரே தலைவராக இருக்கட்டும், அதில் தப்பில்லை. அவர் சுதந்திரமானவராக இருக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் கோவா வழக்கில் அழுத்திச் சொல்லியிருக்கிறது. அங்கே அரசின் சட்டத் துறைச் செயலரே கூடுதல் பொறுப்பாகத் தேர்தல் ஆணையராக இருந்தார். அரசுப் பதவியில் இருப்பவர் இதில் உட்காரக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. ஆணையருக்குப் பொருந்துகிற நியாயம் ஆணையத்தின் உறுப்பினருக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

புதுச்சேரியிலும் நகராட்சிச் சட்டம், பஞ்சாயத்துச் சட்டம் இரண்டும் 1973ஆம் ஆண்டுச் சட்டங்கள், திருத்தலாம். ஆனால் அங்கே முதலில் தேர்தல் நடக்கட்டும்.

எல்லை தப்பு என்றால் வழக்குப் போடலாமே?

போடலாம், ஆனால் கதவு ஒடுக்கம். உள்ளாட்சித் தொகுதி வரையறைச் சட்டங்களை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்று 243-ஓ, 243-இசட்.ஜி. பிரிவுகள் தடுக்கின்றன. வெளிப்படையாகவே தான்தோன்றித்தனமான வரையறை என்றால் நீதிமன்றம் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024இல், குஜராத் சட்டமன்றத் தொகுதி ஒன்றின் வழக்கில் சொன்னது. என் தெருவைப் பிரித்துவிட்டார்கள் என்ற அளவில் போனால் நிற்காது. கோடு காய்வதற்கு முன்பே பேசினால்தான் உண்டு.

ஆணையம் வருகிற வரை நாம் என்ன செய்வது?

ஒரு அனுபவம். பக்கத்து ஊர் ஒன்றில் வரைவு எல்லை ஒட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். பலகை படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. வடக்கு: இன்ன தெரு, கிழக்கு: இன்ன வாய்க்கால், தெற்கு: இன்ன சந்து என்று பொடி எழுத்தில் நாலு பக்கம். வரைபடம் இல்லை. அதில் சொன்ன வாய்க்கால் மூடிச் சாலையாகி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்துவிட்டு, "தம்பி, நம்ம வீடு எந்த வார்டுல வருது?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆட்சேபணை கொடுக்க இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

அதனால் வரைவு வரும்போது முதலில் வரைபடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எந்தக் கணக்கெடுப்புப் பகுதி எந்த வார்டில் சேர்ந்தது, வார்டுவாரி ஜனத்தொகை, பட்டியல் இனத்தவர் எண்ணிக்கை, மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். நாலு பேர் சேர்ந்து எல்லையை நடந்து பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். ஆட்சேபணை எழுதும்போது 'எங்கள் தெருவைப் பிரிக்காதீர்கள்' என்று நிறுத்திவிடாமல், மாற்றுக் கோடு எங்கே போக வேண்டும், அதனால் இரண்டு வார்டின் எண்ணிக்கையும் எவ்வளவு ஆகும் என்று எண்ணோடு எழுதுங்கள். எண் இல்லாத மனுவைத் தள்ளுவது சுலபம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். கிராம சபையிலும் நகரத்துப் பகுதி சபையிலும், ஆட்சேபணைக்குக் காரணத்தோடு பதில் வெளியிட வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லலாம்.

கடலூர் மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. கடலூர் மாவட்ட ஊராட்சிகளுக்குப் பதவிக்காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. எல்லை வேலை எப்போது தொடங்கினாலும் அவகாசம் குறைவாகத்தான் தருவார்கள்.

செலவு அதிகம் ஆகாதா?

படி, வாடகை, கணினி ஆள், அச்சு. ஒரு ஊருக்குப் பத்து வருஷத்தில் ஒரு தடவை. தேர்தல் நடத்தாமல் வருஷக்கணக்கில் தள்ளுவதற்கு ஆகும் வக்கீல் செலவை யாரும் இப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை.

எங்கள் தெரு இப்போது எந்த வார்டு என்று எப்படிப் பார்ப்பது?

சொத்து வரி ரசீதை எடுங்கள், வார்டு எண் அதில் இருக்கும். உள்ளாட்சித் தேர்தல் வாக்காளர் பட்டியலிலும் வார்டு வாரியாகத் தெரு பெயரும் கதவு எண்ணும் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் வேறு வேறு எண் இருந்தால், இப்போதே ஒரு மனு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.